அடுத்த ஆள் தலையில் அப்பாவின் தேதி

அந்த மனிதர் எங்கள் மெஷின் ரூம் வாசலில் நின்று போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"இன்னா சார் இது? நான் பொறந்த தேதி எனக்குத் தெரியாதா? ரிட்டையர் ஆவறதுக்கு எனக்கு இன்னும் எத்தினி வருசம் கீது! வர்ற மே மாசமே வூட்டுக்குப் போன்னு லிஸ்ட் ஒட்டிகீறீங்க!"

அவர் டூல் ரூமில் லேத் ஓட்டுபவர். என் அப்பாவின் லேத்துக்கு அடுத்த லேத். இருவரும் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய காலத்தில் ஒரே நாளில், வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் டோக்கன் நம்பரும் அடுத்தடுத்த நம்பர். தீபாவளிக்கு அவர் வீட்டு அதிரசம் எங்களுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் கேக் அவருக்குப் போகும். அவ்வளவு வேண்டியவர்.

எங்கள் சூப்பர்வைசர் எழுந்து போய், "நீங்க உள்ள வாங்க. தப்பு ஏதாவது இருந்தா பார்க்கலாம்" என்றார்.

"இன்னாத்த பாக்கறது? லிஸ்ட்ல போட்டுகீறது யாரு தேதின்னு எனக்குத் தெரியும் சார். எங்க அண்ணாத்தே தேதி. வருசா வருசம் அவரு பொறந்த நாளுக்கு டீ வாங்கிக் குடுப்பாரே, எனக்குத் தெரியாதா? அவரு தேதி என் தலைல கீது. அவரு பேரு லிஸ்ட்லயே காணோம். அது எப்படி?"

அவர் அண்ணாத்தே என்றது என் அப்பாவை. ரூமில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்ன சொல்ல வர்றீங்க?" என்று எழுந்து நின்றேன்.

"நான் இன்னாம்மா சொல்றது? அந்தக் கார்டு போட்டது யாருன்னு மட்டும் சொல்லு."

கார்டு போட்டது நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். அப்பாவும் நானும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கி ஒரே தொழிற்சாலைக்குப் போவோம். அவர் டூல் ரூமில், நான் மெஷின் ரூமில். என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அப்பா வருகிற மே மாதம் ரிட்டையர் ஆக வேண்டியவர். தம்பி கல்லூரியில், தங்கைக்கு வரன் தேடிக்கொண்டிருந்தோம். ரிட்டையர் என்ற சொல்லை வீட்டில் யாராவது எடுத்தால் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விடுவார். பணத்துக்காக மட்டும் இல்லை. அவருக்கு அந்த லேத் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நீண்டுபோனால் அவர் விரல்கள் தொடைமேல் கைப்பிடி சுற்றிக்கொண்டிருக்கும்.

மெஷின் ரூம் என்றால் கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் எங்களுக்குப் பிறகு வந்தது. எங்களிடம் இருந்தது அட்டைக் கார்டுகளும் அதைத் தின்னும் மெஷின்களும். ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. கார்டு முழுக்கப் பத்தி பத்தியாகப் பிரித்திருக்கும். இந்தப் பத்திகள் டோக்கன் நம்பருக்கு, இவை பெயருக்கு, இவை பிறந்த தேதிக்கு என்று கணக்கு. அந்தந்தப் பத்தியில் குத்திய ஓட்டைதான் எழுத்தும் எண்ணும்.

அந்த வருடம் எல்லா டிபார்ட்மெண்டுக்கும் நம்பர் மாற்றினார்கள். அதனால் எல்லாருக்கும் புதிய கார்டு. அதில் டோக்கன் நம்பரும் பெயரும் டிபார்ட்மெண்டும் நாங்கள் கையால் அடித்தோம். பிறந்த தேதியை மட்டும் பழைய கார்டிலிருந்து புதிய கார்டுக்கு அப்படியே எடுத்துப் போட வேண்டும். அதற்கென்று ஒரு மெஷின் இருந்தது. இடது தட்டில் பழைய கட்டு, வலது தட்டில் புதிய கட்டு. இந்தப் பத்தியில் இருப்பதை அந்தப் பத்தியில் குத்து என்று ஒரு போர்டில் வயர்களைச் சொருகிவிட்டால் போதும், கடகடவென்று குத்தித் தள்ளிவிடும்.

ஆனால் அதற்கு ஆளைத் தெரியாது. இடது பக்கம் மேலே இருக்கிற கார்டை எடுக்கும், வலது பக்கம் மேலே இருக்கிற கார்டில் குத்தும். இரண்டும் ஒரே ஆளுடையதா என்று கேட்காது. கேட்க வைக்கவும் வழி இருந்தது. டோக்கன் நம்பருக்கென்று இன்னும் சில வயர்களைச் சொருகினால், இரண்டு பக்கமும் நம்பர் ஒத்துவராதபோது மெஷின் நின்றுவிடும். அந்த வயர்களைப் போடுவதில்லை என்பது எங்கள் ரூம் வழக்கம். மழைக்காலத்தில் கார்டு ஈரம் குடித்து உப்பிவிடும், ஒத்துவந்தாலும் வரவில்லை என்று மெஷின் நொடிக்கொரு தரம் நிற்கும். "கழட்டும்மா அதை, ஒரே பேஜார்" என்பார் சூப்பர்வைசர். கட்டை ஒழுங்காக நம்பர் வரிசையில் அடுக்கியிருந்தால் போதுமே என்பது அவர் கட்சி. டூல் ரூம் கட்டுகள் இரண்டையும் நானே அடுக்கினேன், நானே மெஷினில் போட்டேன். வேறு யாரையும் கைகாட்ட வழியில்லை.

விஷயம் மேனேஜர் வரைக்கும் போனது. இரண்டு பேருடைய சர்வீஸ் ரெக்கார்டையும் வரவழைத்துப் பார்த்தார்கள். வந்து கத்திய மனிதர் சொன்னது முழுக்க நிஜம். அவருடைய புதிய கார்டில் என் அப்பாவின் பிறந்த தேதி இருந்தது. அப்பாவின் புதிய கார்டில் ஏதோ ஒரு தேதி, அவரைவிட மூன்று வயது இளையவர் தேதி. அப்பாவுக்கு மூன்று வருடம் கூடுதல் வேலை, அடுத்த ஆளுக்கு வீடு. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

"உங்க அப்பா கேட்டாரா, நீங்களா செஞ்சீங்களா?" என்றார் மேனேஜர். செய்தாயா என்று கேட்கவே இல்லை பாருங்கள்.

"நான் செய்யலை சார்."

"அப்போ மெஷின் தானா செஞ்சுச்சா? அதுவும் உங்க அப்பாவுக்கு மட்டும்?"

எப்படி நடந்ததென்று எனக்கே தெரியாதே. திங்கட்கிழமை விசாரணை என்றார். நிரூபணமானால் எனக்கு வேலை போகும், அப்பாவையும் ரிட்டையர்மெண்ட் வரை வைத்திருக்க மாட்டோம், டிஸ்மிஸ்தான் என்றார். அதுவரைக்கும் மெஷின் ரூமில் கால் வைக்கக்கூடாது என்று டைப்பிங் செக்ஷனில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது. என்னை அவர்கள் சந்தேகப்படும்போது நான் மட்டும் சும்மா இருப்பேனா?

முதல் சந்தேகம் எங்கள் ரூமில் எனக்கு மூத்த அக்காவின் மேல். பொழிச்சலூரிலிருந்து வருபவர். அவருடைய சித்தி மகள் கார்டு குத்தும் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். என் நாற்காலி காலியானால் யாருக்கு லாபம்? மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகும்போது அக்கா மட்டும் ரூமிலேயே டப்பாவைத் திறப்பார். தனியாக இருந்தபோது இரண்டு கார்டை மாற்றி அடித்துவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கேண்டீனில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால், குழி பறித்துவிட்டுச் சிரிப்பைப் பார் என்று வயிறு எரிந்தது.

அடுத்தது சூப்பர்வைசர். பக்திமான். நெற்றி நிறைய விபூதி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. முகத்துக்கு நேரே, "நான் உன்னை நம்பறேம்மா" என்றார். நம்புகிறவர் மேனேஜரிடம் போய் அதைச் சொல்ல வேண்டியதுதானே? அங்கே வாயைத் திறக்கவில்லை. எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன்.

ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் நான் ஏறியதும் பேச்சு நின்றுபோனது. குரோம்பேட்டையில் ஏறும் டெலிபோன் ஆபரேட்டர் பெண், தினமும் எனக்குப் பக்கத்தில் உட்காருபவள், அந்த வாரம் ஜன்னலோரம்தான் வேண்டும் என்று தள்ளிப் போனாள். ஒருவேளை நிஜமாகவே காற்றுக்காகத்தான் போனாளோ என்னவோ. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விட அப்பாதான் என்னைக் குழப்பினார். வழக்கமாக அவர் சைக்கிளில் முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய்விடுவார், நான் பஸ்ஸில் போவேன். அந்த வாரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னோடு நடந்து வந்தார். என் டிபன் பாக்ஸை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டார். ரோட்டில் லாரி வந்தால் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் ரோட்டுப் பக்கம் வந்தார். பத்து வயசுக்குப் பிறகு அவர் எனக்கு இதெல்லாம் செய்ததே இல்லை. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா கேட்க வந்தபோதுகூட, "சும்மா இரு, அவளைத் தொந்தரவு பண்ணாத" என்று அடக்கிவிட்டார்.

எதற்கு இந்த அக்கறை? என் புத்தி எங்கே போகும்? அப்பாவே சூப்பர்வைசரிடம் ரகசியமாகப் போய்க் கேட்டிருப்பாரோ என்று நினைத்தேன். இருவருக்கும் நல்ல பழக்கம். இவர் கேட்டு அவர் செய்து, பழி என் தலையில் விழுந்துவிட்டதால்தான் இந்த டிபன் பாக்ஸ் உபசாரமோ? நூல் அளவு பிசகினால் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்கிற மனிதரை அப்படி நினைத்தேன். அவருக்குப் பின்னால் நடந்துகொண்டே அவர் முதுகை முறைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை அரை நாள். டைப்பிங் செக்ஷனில் நான் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது பொழிச்சலூர் அக்கா வந்து நின்றார்.

"வா, ரூமுக்குப் போலாம். ஒண்ணு காட்டணும்."

"நான் அங்க வரக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்கார். வந்தா அதையும் சேர்த்து எழுதிவிடலாம்னு பார்க்கறீங்களா?"

"அட லூசு, வாடி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மேசைமேல் டூல் ரூம் ஆட்களுடைய பழைய லிஸ்டும் புதிய கார்டுகளிலிருந்து அச்சடித்த லிஸ்டும் பக்கத்தில் பக்கத்தில் விரித்திருந்தன. சூப்பர்வைசரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"உங்க அப்பாவுக்கு வந்துகீற தேதி யாரோடதுன்னு யாராவது பாத்தாங்களா?" என்றார் அக்கா. "நீ திருட்டுத்தனம் பண்ணியிருந்தா நல்லா அஞ்சு வருசமா ஏத்தியிருப்பே. இந்தக் குறிப்பிட்ட தேதி எங்கேருந்து வந்துச்சுன்னு மூணு நாளா என் மண்டையைக் குடையுது. இதோ பார்."

அப்பாவுக்கு முந்தின டோக்கன் நம்பர்காரருடைய தேதி அது. பழைய லிஸ்டில் அவர் பெயருக்கு நேராக இருந்தது. புதிய லிஸ்டில் அவர் பெயருக்கு நேரே அவருக்கும் முந்தினவருடைய தேதி. அக்காவின் விரல் மேலே மேலே போனது. ஒவ்வொருவருக்கும் முன்னால் இருந்தவருடைய பிறந்த தேதி. டோக்கன் நம்பர் சேர்ந்த வரிசையில் கொடுத்தது, அடுத்தடுத்த ஆட்கள் ஏறக்குறைய ஒரே வயசு. அதனால் பார்த்தால் தப்பென்று தெரியாது. ரிட்டையர் லிஸ்டில் வருவது அந்த வருடத்து ஆட்கள் மட்டும், அதனால் மற்ற யாருக்கும் தெரியவும் இல்லை. சர்வீஸ் ரெக்கார்டில் இரண்டு பேரைப் பார்த்தவர்கள் மூன்றாவது ஆளைப் பார்க்கவே இல்லை.

அக்காவின் விரல் முதல் பெயரில் போய் நின்றது. டூல் ரூமின் முதல் டோக்கன், நரைத்த மீசை ஃபோர்மேன். புதிய லிஸ்டின்படி அவர் பிறந்தது கடைசி டோக்கன்காரனான, போன வருடம் சேர்ந்த அப்ரண்டிஸின் பிறந்த நாளில்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"புதுக் கட்டோட முதல் கார்டு கடைசிக்குப் போயிருக்கு" என்றார் அக்கா. "அது மட்டும்தான் நடந்துகீது. எப்படிப் போச்சுன்னுதான் தெரியலை."

"நான் அடுக்கி வெச்ச கட்டு! ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என் கையால அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வெச்சேன்" என்று நான் கத்தினேன்.

சூப்பர்வைசர் எழுந்து போனார். மூலையில் இருந்த சரஸ்வதி படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் மஞ்சளும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது. ஃபோர்மேனுடைய புதிய கார்டு.

அந்த ரூமில் ஆயுத பூஜையன்று, அடுத்து ஓடப்போகிற வேலையின் முதல் கார்டுக்குப் பொட்டு வைத்துப் படத்தின் முன் வைப்பது வழக்கமாம். எனக்குத் தெரியாது. நாங்கள் வேதக்காரர்கள். பூஜை முடியும்வரை நான் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். பொரி கடலை கொடுக்கும்போது மட்டும் உள்ளே போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"சாமிக்கு வெச்ச கார்டை மெஷின்ல போட முடியாதேம்மா. குங்குமம் உள்ள போய் மாட்டிக்கும். அதனால புதுசா ஒண்ணு அடிச்சு அடியில சொருகி வெச்சேன். எப்படியும் நீ ஓட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தரம் அடுக்குவியேன்னு…"

"நான் ஏன் சார் அடுக்கறேன்? நான் அடுக்கினதை நானே மறுபடி எதுக்கு அடுக்கணும்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்த நம்பர் வயரையாவது போட விட்டிருந்தா மெஷினாவது சொல்லியிருக்குமே!"

அவர் தலை குனிந்துகொண்டார். வேண்டுமென்று மறைக்கவில்லை, மறந்தே போய்விட்டது என்று படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தார். மேனேஜரிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார். நான் நம்புவேனா? பின்னாலேயே போய் மேனேஜர் ரூம் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லத்தான் செய்தார், ஒரு வார்த்தை விடாமல். மேனேஜர் வெளியே வந்து, கதவோரம் என்னைப் பார்த்து, "ஓகே, திங்கட்கிழமை உங்க சீட்டுக்கே போயிடுங்க" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் அல்லவா.

அக்காவை என்னவெல்லாம் நினைத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவருடைய டப்பாவில் மீதியிருந்த எலுமிச்சம் சாதத்தை இருவரும் நின்றபடியே சாப்பிட்டோம்.

வீட்டுக்குப் பறந்துதான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். தாம்பரத்தில் இறங்கியதிலிருந்து கேம்ப் ரோடு வரைக்கும் என் கால் தரையில் படவில்லை. அப்பா எனக்கு முன்னாலேயே வந்து, வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்கக் குங்குமக் கதை முழுவதையும் சொன்னேன். ஃபோர்மேன் அப்ரண்டிஸோடு இரட்டைப் பிள்ளையாகப் பிறந்ததைச் சொல்லிச் சிரித்தேன். எல்லாத் தேதியையும் திங்கட்கிழமை திருத்திவிடுவோம், உங்கள் பெயரிலும் என் பெயரிலும் ஒரு களங்கமும் இல்லை என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ… நீ பண்ணலையாம்மா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "நீங்களுமாப்பா? ஊர் உலகமெல்லாம் நினைக்கட்டும், நீங்க எப்படி நினைக்கலாம்? நீங்க வளர்த்த பொண்ணு நான்! நான்தான் பண்ணேன்னு நினைச்சிருந்தா ஏன் என்னைத் திட்டலை? ஏன் ஒரு வார்த்தை கேட்கலை?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு. சொல்லிட்டா நான் மேனேஜர்கிட்ட போய்த்தான் ஆகணும். அதனாலதான் கேட்கலை. தினமும் ஜெபத்துல உன்னை யாரும் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு மட்டும் வேண்டிக்கிட்டேன். தப்புதான். ஒரு பொய்க்குத் துணை போகச் சொல்லி ஆண்டவர்கிட்டயே கேட்டேன்."

அவர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்.

"ஆனா ஒண்ணும்மா. கோபம் வரலை. என் பொண்ணு, நான் வீட்டுல உட்காரக் கூடாதுன்னு, தன் வேலை போனாலும் பரவாயில்லைன்னு எனக்காக இவ்வளவு தூரம் போயிருக்காளேன்னு… இந்த ஒரு வாரமும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாதான் இருந்துச்சு."

எழுந்து, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நல்லது, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். மே மாதம் வந்தது, அவர் தேதியில் அவர் ரிட்டையர் ஆனார். ஆனால் அந்தச் சனிக்கிழமை வாசலில் நின்றபோதே, அதைச் செய்யாமல் போய்விட்டேனே என்று எனக்கு இருந்தது.